குழந்தையின் கட்டிலருகே பெற்றோருடன் ரவுண்ட்ஸ்: வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைகள் வார்டில் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். காலை ரவுண்ட்ஸில், அதாவது மருத்துவர் குழு கட்டில் கட்டிலாகச் சென்று குழந்தைகளைப் பார்க்கும்போது, பெற்றோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று முதல் நாளே உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். மருத்துவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதைத் தாய் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தால் அது பழைய ரவுண்ட்ஸ்தான். கூட ஒருவர் நிற்கிறார் என்பதைத் தவிர வேறு மாற்றம் எதுவும் இல்லை. குழந்தையைப் பற்றித் தாய்க்கோ தந்தைக்கோ தெரிந்தது முதலில் பேசப்பட்டு, அன்றைய முடிவுகள் அவர்கள் முன்னிலையில் அவர்களையும் கேட்டு எடுக்கப்பட்டு, அவற்றைத் தம் வாயால் திருப்பிச் சொல்லும் அளவுக்கு அவர்கள் புரிந்துகொண்ட பிறகே குழு அடுத்த கட்டிலுக்கு நகர்வதைத்தான் இங்கே குடும்பத்தாருடன் ரவுண்ட்ஸ் என்று குறிப்பிடுகிறேன்.

இதன் மதிப்பை எனக்குக் கற்றுத்தந்தது ஒரு பத்து மாதக் குழந்தை. அப்போது நான் பயிற்சி மருத்துவர். வாந்தியும் வயிற்றுப்போக்குமாகச் சேர்க்கப்பட்டிருந்த அந்தப் பெண் குழந்தையைப் பற்றி, "கடந்த 12 மணி நேரத்தில் ஆறு முறை சிறுநீர் கழித்திருக்கிறாள், நீர்ச்சத்து தேறிவிட்டது, டிரிப்ஸைக் குறைக்கலாம்" என்று கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சொன்னேன். மூத்த மருத்துவர் எனக்குப் பதில் சொல்லாமல், குழந்தையை மடியில் வைத்திருந்த தாயின் பக்கம் திரும்பி, "நீங்கள் என்னம்மா நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவர் சிறிது தயங்கிவிட்டு, "ஆறு டயப்பர் மாற்றினது உண்மைதான் டாக்டர். ஆனால் நாலில் இருந்தது தண்ணியாப் போன மலம். ரெண்டில்தான் சிறுநீர். விடியற்காலையிலிருந்து அதுவும் இல்லை" என்றார். உடனே எடை போட்டோம். முந்தைய நாளைவிட 300 கிராம் குறைந்திருந்தது. குறைக்கவிருந்த டிரிப்ஸ் கூட்டப்பட்டது. இரவுப் பணியில் இருந்தவர் டயப்பர்களைச் சரியாகத்தான் எண்ணியிருந்தார். அவர் எழுதிய எண்ணிக்கையை நானும் சரியாகத்தான் வாசித்தேன். அந்த டயப்பர்களைத் திறந்து பார்த்த ஒரே ஆள் அந்தத் தாய். கேட்டதால் சொன்னார், கேட்காதிருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்பதை அவருடைய தயக்கமே எனக்குக் காட்டிவிட்டது.

பிள்ளைகளைச் சேர்த்துவிட்டுப் பெற்றோர் வெளியே போய்விட வேண்டும் என்பதே ஒரு காலத்தில் மருத்துவமனைகளின் வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் 1959-இல் வெளிவந்த பிளாட் அறிக்கை, பார்வை நேரக் கட்டுப்பாட்டைக் கைவிட்டுத் தாய்மாரைக் குழந்தையுடன் தங்க விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1988-இல் லைடன் நகரில் கூடிய ஐரோப்பிய அமைப்புகள் உருவாக்கிய சாசனம், மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்குப் பெற்றோர் எந்நேரமும் உடனிருப்பது உரிமை என்று அறிவித்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2003-இலும் மறுபடி 2012-இலும், ரவுண்ட்ஸ் குழந்தையின் அறையிலேயே குடும்பத்தார் முன்னிலையில் நடப்பதுதான் வழக்கமான முறையாக இருக்க வேண்டும் என்று சொன்னது. வட அமெரிக்காவின் ஏழு மருத்துவமனைகளில் நடந்து 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. குடும்பத்தாரே முதலில் பேசுவது, எளிய மொழி, செவிலியரின் பங்கு, எழுதிக் கொடுக்கும் சுருக்கம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி, எல்லாருக்கும் பயிற்சி அளித்த பிறகு, தவறுகளின் மொத்த எண்ணிக்கை மாறாவிட்டாலும், குழந்தைக்குத் தீங்கு விளைவித்த தவறுகள் ஏறத்தாழ 38 விழுக்காடு குறைந்தன. ரவுண்ட்ஸுக்கு ஆகும் நேரம் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. "நேரம் எங்கே இருக்கிறது?" என்று சொல்பவர்களை நீங்கள் நிச்சயம் சந்திப்பீர்கள், அவர்களுக்குக் கொடுக்க உங்களிடம் ஒரு பதில் இருக்கட்டும்.

முதல் படி: சேர்க்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்

ரவுண்ட்ஸுக்கான அழைப்பை ரவுண்ட்ஸ் நடக்கும் நேரத்தில் கொடுக்கக் கூடாது. இரவு முழுவதும் கண் மூடாத ஒருவரை, வெள்ளைக் கோட்டு அணிந்த ஏழு பேர் சூழ்ந்து நின்றுகொண்டு "ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டால், "இல்லை" என்ற பதிலைத் தவிர வேறெதுவும் வராது. குழந்தையைச் சேர்க்கும்போதோ, முதல் நாள் மாலையிலோ, ஒரே ஒருவர், முடிந்தால் அந்தக் கட்டிலின் செவிலியர், உட்கார்ந்து விளக்க வேண்டும்: காலையில் எத்தனை மணி வாக்கில் வருவோம், யார் யார் வருவார்கள், என்னென்ன பேசப்படும், அவர்களிடம் என்ன கேட்போம், அவர்கள் என்ன கேட்கலாம். மனத்தில் எழும் கேள்விகளை எழுதி வைக்க ஒரு தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு வந்தால், மறுநாள் காலையில் அந்தத் தாளே பாதி வேலையைச் செய்துவிடும்.

அப்போதே வேறு சிலவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். குழுவோடு பேச விரும்புபவர் யார்? வேலைக்குப் போய்விடும் மற்றவரைத் தொலைபேசியில் சேர்த்துக்கொள்ளலாமா? எந்த மொழியில் பேசினால் முழுமையாகப் புரியும்? தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பலாமா? பலர் கூடி நின்று பேசுவதையே விரும்பாத பெற்றோரும் உண்டு. அவர்களை வற்புறுத்தக் கூடாது. ரவுண்ட்ஸை வெளியே முடித்துவிட்டு, ஒரு மருத்துவரும் செவிலியரும் மட்டும் உள்ளே போய்ப் பேசினால் போதும். ஆனால் முதல் நாள் வேண்டாம் என்றவர் மூன்றாம் நாளும் வேண்டாம் என்பார் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. ஒவ்வொரு நாளும் மறுபடி கேட்க வேண்டும்.

வளரிளம் பருவத்தினரைத் தனியாகக் கேட்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணோ பையனோ மருத்துவரிடம் மட்டும் சொன்ன ஒன்று, மறுநாள் ரவுண்ட்ஸில் பெற்றோர் காதில் விழுந்துவிட்டால், அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற முடியாது. "நாளைக் காலையில் அம்மா அப்பா முன்னால் இதையெல்லாம் பேசுவோம், எதைப் பேச வேண்டாம் என்று நினைக்கிறாய்?" என்று முன்கூட்டியே கேட்டு, அந்தப் பதிலைக் குழுவில் உள்ள எல்லாரும் அறியும்படி செய்வது உங்கள் பொறுப்பு.

இரண்டாம் படி: கதவுக்கு வெளியே ஒரு நிமிடம்

அறைக்குள் நுழையும் முன் குழு ஒரு நிமிடம் நின்று, உள்ளே பேசக் கூடாதவை ஏதேனும் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முதன்முறையாகச் சொல்லப்படவிருக்கும் கடுமையான நோய்ச் செய்தி, குழந்தையின் பாதுகாப்பு குறித்த ஐயம், வளரிளம் பருவத்தினர் மறைக்கக் கேட்டது, குழுவுக்குள்ளேயே தீராத பெரிய கருத்து வேறுபாடு ஆகிய நான்கும் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியவை. புற்றுநோய் என்பதை ஒரு தந்தை ரவுண்ட்ஸில் எட்டுப் பேர் நடுவே நின்றபடி முதன்முறை கேட்க நேரக் கூடாது. அதற்குத் தனி அறை, தனி நேரம், நாற்காலி, அவருடன் இருக்க இன்னொருவர், இவையெல்லாம் வேண்டும்.

மற்றபடி, வெளியே நின்று முழு விவாதத்தையும் முடித்துவிட்டு உள்ளே போய் முடிவை மட்டும் அறிவிக்கும் பழக்கம் மெல்ல மெல்ல வந்துவிடும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். உள்ளே நடக்க வேண்டியது வெளியிலேயே நடந்துவிட்டால், பெற்றோருக்கு எஞ்சுவது தலையாட்டுவது மட்டுமே.

அந்தக் கட்டிலின் செவிலியர் இல்லாமல் ரவுண்ட்ஸைத் தொடங்கக் கூடாது. அவர் வேறொரு குழந்தைக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தால் வரிசையை மாற்றி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம். வரிசையைப் பொறுத்தவரை, நிலை மோசமான குழந்தை முதலில், அடுத்து அன்று வீட்டுக்குப் போகவிருப்பவர்களும் பெற்றோர் சீக்கிரம் கிளம்ப வேண்டியவர்களும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வார்டுகளுக்குப் பொருந்தும்.

மூன்றாம் படி: உள்ளே நுழைவதும் நிற்பதும்

கைகளைச் சுத்தம் செய்துகொண்டு, அனுமதி கேட்டு, குழந்தையின் பெயரைச் சொல்லி அழைத்தபடி உள்ளே போக வேண்டும். "ஆறாம் கட்டில் நிமோனியா" என்று நாம் வெளியே சொல்லிப் பழகியது உள்ளேயும் வாயில் வந்துவிடும்; எனவே வெளியேயும் அப்படிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. வந்திருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் தாம் செய்யும் வேலையையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். நேற்றுச் சொன்னோமே என்று இன்று விட்டுவிடக் கூடாது, ஏனெனில் முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் பெற்றோருக்கு யார் முடிவெடுப்பவர், யார் கற்றுக்கொள்பவர் என்பது எளிதில் பிடிபடுவதில்லை.

நிற்கும் இடத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நான் பெரிதும் பொருட்படுத்துகிறேன். குழந்தையின் நிலையை எடுத்துச் சொல்பவர், பழக்கத்தால், தம்மை மதிப்பிடப்போகும் மூத்த மருத்துவரைப் பார்த்தே பேசுவார். அவர் தாயைப் பார்த்துப் பேச வேண்டும். மூத்த மருத்துவர் தாயின் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டால் இந்தச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடும், ஏனெனில் பேசுபவரின் பார்வை எப்படியும் அந்தப் பக்கமே திரும்பும். தலைமை தாங்குபவராவது உட்கார்ந்து பேச வேண்டும். படுத்திருக்கும் குழந்தைக்கும் நாற்காலியில் இருக்கும் பெற்றோருக்கும் மேலே உயர்ந்து நிற்கும் கூட்டம் அச்சத்தைத் தரும். பலர் தங்கும் பொது வார்டாக இருந்தால் திரையை இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, மற்றவர் காதில் விழக் கூடாத விவரங்களைத் தனியே பேச ஏற்பாடு செய்ய வேண்டும்.

நான்காம் படி: முதல் பேச்சு அவர்களுடையது

"நேற்று இரவிலிருந்து எப்படி இருக்கிறான்? இன்றைக்கு எதைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" இந்த இரண்டு கேள்விகளுடன் தொடங்குங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஐந்து விநாடி அமைதி நமக்கு நீண்டதாகத் தோன்றும். பேசத் துணிவதற்கு அவர்களுக்கு அந்த ஐந்து விநாடி வேண்டும்.

நம் பேச்சை முடித்துவிட்டு இறுதியில் "ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இறுதியில் கேட்கும்போது முடிவுகள் எடுக்கப்பட்டுவிட்டன, கோப்பு மூடப்பட்டுவிட்டது, குழுவின் பாதங்கள் கதவுப் பக்கம் திரும்பிவிட்டன. அந்த நேரத்தில் "நீங்கள் சொன்னது சரியில்லை, இரவில் நடந்தது வேறு" என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? முதலில் கேட்டால் அவர்கள் சொல்வதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நம் பேச்சையே மாற்றிக்கொள்ள முடியும். ஒரு தாயின் முதல் கவலை நம் பட்டியலிலேயே இல்லாத ஒன்றாகவும் இருக்கலாம். நாம் நுரையீரலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, நான்கு நாளாக மலம் கழிக்காமல் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவது அவருக்கு உறுத்திக்கொண்டிருக்கும். அதைப் பேசி முடிக்கும் வரை நுரையீரலைப் பற்றி நாம் சொல்லும் எதுவும் அவருடைய மனத்தில் ஏறாது.

பேச முடியாத குழந்தைகளிடமும், மூளை வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளிடமும் பெற்றோரின் சொல்லுக்கு மேலும் எடை உண்டு. "இது அவனுடைய வழக்கமான அழுகை இல்லை" என்று ஒரு தாய் சொன்னால், அதை ஒரு பரிசோதனை முடிவுக்கு நிகராகக் கேஸ் ஷீட்டில் அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: எல்லாருக்கும் புரியும் மொழியில் எடுத்துரைப்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். மருத்துவச் சொற்களில் ஒருமுறை, பிறகு பெற்றோருக்காக எளிய சொற்களில் இன்னொருமுறை என்று இரண்டு தடவை பேசினால் நேரம் போய்விடும். முதல் தடவை பேசும்போதே பெற்றோரும் அஞ்சத் தொடங்கிவிடுவார்கள். முதல் தடவையே எளிய மொழியில் பேசப் பழகிக்கொள்ளுங்கள். "சாச்சுரேஷன் 94, ஓ2 டேப்பர் செய்யலாம்" என்பதற்குப் பதிலாக, "ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு நேற்று 90-ஆக இருந்தது, இன்று 94 ஆகியிருக்கிறது, அதனால் மூக்கில் கொடுக்கும் ஆக்ஸிஜனை இன்று கொஞ்சம் குறைத்துப் பார்க்கப்போகிறோம்" என்று சொன்னால், மூத்த மருத்துவருக்கும் வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. எண்ணைச் சொல்லும்போது நேற்றைய எண்ணையும், எந்த எண் வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது பெற்றோருக்கும் பொருள்படும்.

நமக்குப் பழகிப்போன சில சொற்கள் வெளியாருக்கு நேரெதிர்ப் பொருள் தரும் என்பதைக் கவனியுங்கள். "கல்ச்சர் நெகட்டிவ்" என்பதை ஏதோ கெட்ட செய்தி என்று எடுத்துக்கொள்பவர்களும், "பாசிட்டிவ் வந்திருக்கிறது" என்றதும் முகம் மலர்பவர்களும் உண்டு. "ரத்தத்தில் கிருமி வளரவில்லை", "கிருமி வளர்ந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை. "ஸ்டேபிள்" என்ற சொல்லும் அப்படித்தான்: நாம் மோசமாகவில்லை என்ற பொருளில் சொல்கிறோம், அவர்கள் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதேபோல, "அம்மா ஒத்துழைக்கவில்லை", "மருந்தை மறுக்கிறார்கள்" போன்ற தீர்ப்புகளை அவர்கள் முன்னால் சொல்லக் கூசுவோம். அப்படியானால் கேஸ் ஷீட்டிலும் எழுதாமல் இருக்கலாம். "மருந்து கொடுத்ததும் வாந்தி எடுக்கிறான் என்பதால் தாய் நேற்று இரவு நிறுத்தியிருக்கிறார்" என்பது உண்மை; அதில் அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கான வழியும் இருக்கிறது.

ஐயமுள்ள நோய்களைப் பெற்றோர் முன் பேசலாமா என்று கேட்பார்கள். பேசலாம், ஆனால் எது எவ்வளவு வாய்ப்புள்ளது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "இது வைரஸால் வந்த காய்ச்சலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிறுநீரில் தொற்று இருக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் விட்டுவிடக் கூடாது என்பதால் ஒரு பரிசோதனை செய்கிறோம்" என்றால் யாரும் பதற மாட்டார்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்வதால் மருத்துவர் மீதுள்ள மதிப்பு குறைந்துவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். எப்போது தெரியவரும் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போது நம்பிக்கை கூடுவதையே கண்டிருக்கிறேன். கற்பித்தலும் அங்கேயே நடக்கலாம். ஆனால் பயிற்சி மருத்துவரைப் பெற்றோர் முன்னிலையில் குறுக்கு விசாரணை செய்வது முறையல்ல. இரவில் அவர் வந்து நிற்கும்போது அந்தப் பெற்றோர் அவரை நம்ப வேண்டும்.

மருந்துகளைச் செவிலியர் வாய்விட்டு வாசிக்க வேண்டும்: பெயர், எதற்காக, எவ்வளவு, எத்தனை வேளை. குழந்தைகளுக்கு மருந்தளவு எடையைப் பொறுத்தது என்பதால், எடையையும் பெற்றோரிடம் சரிபார்ப்பது எளிய பாதுகாப்பு. வீட்டில் கொடுக்கும் மருந்துகளை இங்கேதான் கேட்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாராசிட்டமால் 180 மி.கி. ஆகிறது. 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப்பானால் அது 7.5 மில்லி, 5 மில்லியில் 250 மி.கி. உள்ளதானால் 3.6 மில்லி. "ஏழரை மில்லி" என்று மட்டும் நாம் சொல்லி அனுப்ப, வீட்டில் இருப்பது கெட்டியான சிரப்பாக இருந்தால், குழந்தைக்கு ஒவ்வொரு வேளையும் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். "வீட்டில் எந்த பாட்டில் இருக்கிறது?" என்ற ஒரு கேள்வி இதைத் தடுத்துவிடும், அதைக் கேட்கக் கட்டிலருகைவிட நல்ல இடம் இல்லை.

ஆறாம் படி: குழந்தையிடம் பேசுவது

தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் தன் கருத்தைச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு. வார்டில் இதன் பொருள் எளியது: பேசத் தெரிந்த குழந்தையிடம் நேரடியாக ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும், அதன் கேள்வி ஒன்றுக்காவது பதில் சொல்ல வேண்டும். ஏழு வயதுப் பையன் ஒருவன், நாங்கள் ஆன்டிபயாடிக்கைப் பற்றியும் ஸ்கேனைப் பற்றியும் பேசி முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, மருந்து ஏற்றுவதற்கான சிறு குழாயான கேனுலா குத்தியிருந்த கையைத் தூக்கிக் காட்டி, "இதை எப்போ எடுப்பீங்க?" என்று கேட்டான். அவனுக்கு மருத்துவமனை என்றால் அந்தக் கைதான். வெள்ளிக்கிழமை கடைசி ஊசி போட்டதும் எடுத்துவிடுவோம் என்று சொன்னதும், அவனே விரல் விட்டு நாளை எண்ணிக்கொண்டான்.

சுமார் நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் முகப் படங்களைப் பார்த்துத் தம் வலியின் அளவைக் காட்ட முடியும். வலியை நாம் ஊகிப்பதைவிட அவர்களையே காட்டச் சொல்வது மேல். வலிக்கும் ஒன்றை "வலிக்காது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை உங்கள் சொல்லை அந்தக் குழந்தை நம்பாது. கூட இருந்த தாயின் சொல்லையும் சேர்த்து நம்பாது.

ஏழாம் படி: முடிவுகளைச் சொல்லி, திருப்பிக் கேட்பது

நோயாளியின் பொறுப்பை மற்றொருவரிடம் ஒப்படைக்கும்போது பயன்படும் ஐ-பாஸ் என்ற முறையை இங்கேயும் கையாளலாம்: இப்போது நிலை எப்படி, சுருக்கமாக என்ன நடந்தது, இன்று செய்ய வேண்டியவை என்ன, எது நடந்தால் என்ன செய்வது, கேட்டவர் தம் சொற்களில் தொகுத்துச் சொல்வது. முதல் மூன்றை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். நான்காவதும் ஐந்தாவதும் அவசரத்தில் விடுபட்டுவிடும். குடும்பத்தாருக்கு மிகவும் வேண்டியவை அவை இரண்டும்தான். "மூச்சு வாங்கும்போது விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுப்பதைப் பார்த்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள், நேரம் பார்க்க வேண்டாம்" என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். "ஏதாவது மாற்றம் தெரிந்தால் சொல்லுங்கள்" என்பது போதாது. நிலை மோசமாகிறது என்று குடும்பத்தார் கருதினால் வேறொரு குழுவை நேரடியாக அழைத்துப் பார்க்கச் சொல்லும் உரிமையை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் ரயன் விதி என்ற பெயரிலும், இங்கிலாந்து மார்த்தா விதி என்ற பெயரிலும் நடைமுறைப்படுத்தியிருக்கின்றன. உங்கள் மருத்துவமனையில் அத்தகைய வழி இருந்தால், எந்த எண்ணை அழைப்பது என்பதை ரவுண்ட்ஸிலேயே சொல்லிவிடுங்கள்.

திருப்பிச் சொல்லக் கேட்கும்போது தேர்வு வைப்பது போல் இருக்கக் கூடாது. "நான் தெளிவாகச் சொன்னேனா என்று தெரிந்துகொள்ள வேண்டும், மாலையில் வீட்டுக்காரர் போன் செய்து கேட்டால் இன்றைய திட்டத்தை அவருக்கு எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டால், பிழை நேர்ந்தாலும் அது சொன்னவரின் பிழையாகிவிடும். வீட்டுக்குப் போவதற்கு என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்பதை முதல் நாளிலிருந்தே சொல்லி வாருங்கள். "இரண்டு நாளில் டிஸ்சார்ஜ்" என்று நாளைச் சொல்வதைவிட, "24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல், ஆக்ஸிஜன் இல்லாமல், வாயால் சாப்பிட வேண்டும்" என்று நிலையைச் சொல்லிவிட்டால், இரண்டு நாள் நான்கு நாள் ஆனாலும் ஏன் என்று அவர்களுக்கே தெரியும். பேசி முடிவானதை அங்கேயே கணினியிலோ கேஸ் ஷீட்டிலோ பதிந்து, வாய்விட்டு வாசித்துவிட்டு, நான்கைந்து வரியில் எழுதி அவர்கள் கையிலும் கொடுக்க வேண்டும்.

சிக்கலான சில சூழல்கள்

மொழி வேறாக இருந்தால் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை நேரிலோ தொலைபேசியிலோ அழைக்க வேண்டும். பத்து வயது அக்காவை வைத்துத் தம்பியின் நோயை மொழிபெயர்க்க வைப்பது அந்தச் சிறுமிக்குச் செய்யும் தீங்கு. அவள் பயத்தில் பாதியை விட்டுவிடுவாள், அல்லது தாய் வருந்தக் கூடாதென்று மாற்றிச் சொல்வாள். பெற்றோர் கோபமாக இருந்தால், ரவுண்ட்ஸை நிறுத்திவிட்டு அந்தக் கோபத்தின் காரணத்தைக் கேட்பதே வேகமான வழி. பெரும்பாலும் இரவில் யாரோ வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போயிருப்பார்கள். நீண்ட கேள்விகள் வந்தால், "இதற்குப் பத்து நிமிடம் வேண்டும், மூன்று மணிக்கு நான் வருகிறேன்" என்று சொல்லலாம். ஆனால் மூன்று மணிக்குப் போய் நிற்க வேண்டும். போக முடியாத அவசரம் ஏற்பட்டால், போக முடியவில்லை என்ற செய்தியாவது மூன்று மணிக்குப் போய்ச் சேர வேண்டும். பெற்றோர் இருவருமே வர முடியாத நாளில், ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு யார் அவர்களை அழைப்பது என்பதைக் கட்டிலருகிலேயே முடிவு செய்து, அவர் பெயரைக் குறித்துவிடுங்கள். யாரும் பெயர் குறிக்காத வேலை யாராலும் செய்யப்படுவதில்லை.

முதல் வாரத்தில் எல்லாக் கட்டில்களிலும் இதைச் சரியாகச் செய்ய முயன்றால் திணறிப்போவீர்கள். நாளைக் காலையில் ஒரே ஒரு கட்டிலைத் தேர்ந்தெடுத்து, முதல் கேள்வியிலிருந்து எழுதிக் கொடுப்பது வரை முழுமையாகச் செய்து பாருங்கள். பிற்பகலில், வேலை சற்றுக் குறைந்த நேரத்தில், அந்தத் தாயிடமோ தந்தையிடமோ போய் உட்கார்ந்து மூன்றைக் கேளுங்கள்: குழந்தைக்கு என்ன என்று நினைக்கிறீர்கள், இன்று என்ன செய்கிறோம், வீட்டுக்குப் போவதற்கு என்ன நடந்திருக்க வேண்டும். மூன்றில் எதற்கு அவர் தயங்குகிறாரோ, அதை அங்கேயே விளக்கிவிட்டு, மறுநாள் ரவுண்ட்ஸில் அதிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.